வெள்ளைக்கொடி வழக்கில் கேட்கப்படாத கேள்வி

முன்னாள் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 2025 ஆகஸ்ட் 22 ஆம் திகதி குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தினரால் கைது செய்யப்பட்டு, நான்கு நாட்களின் பின்னர் பிணையில் விடுவிக்கப்பட்டபோது, தென்னிலங்கை அரசியல் மேடைகளில் பழைய சொற்றொடர் ஒன்று மீண்டும் ஒலித்தது. 'அரசியல் பழிவாங்கல்' என்பதே அது. 2023 செப்டெம்பரில் லண்டனுக்கு மேற்கொண்ட தனிப்பட்ட பயணத்திற்கு அரச நிதியைப் பயன்படுத்தினார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. அக்குற்றச்சாட்டின் தராதரத்தை நீதிமன்றமே தீர்மானிக்க வேண்டும். அது இங்கு எமது விடயமன்று. ஆனால், நாட்டின் தலைவராக இருந்தவர் அல்லது தலைவராக விரும்பியவர் ஒருவர் நீதிமன்றப் படியேறும் ஒவ்வொரு தடவையும் நினைவுகூரப்படும் பெயர்களில் ஒன்று சரத் பொன்சேகாவினுடையது. 2010 ஆம் ஆண்டு முதல் 2012 ஆம் ஆண்டு வரை அவர் மீது தொடுக்கப்பட்ட வழக்குகள், தோற்றவரை வென்றவர் சட்டத்தின் பெயரால் எவ்வாறு நடத்துவார் என்பதற்கான பாடமாகவே தெற்கில் பேசப்படுகின்றன. தமிழ் மக்கள் அவ்வழக்குகளை நினைவில் வைத்திருக்க வேண்டியதற்குக் காரணம் வேறு.

முதலில் நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்போம். 2005 டிசம்பரில் இராணுவத் தளபதியாக நியமிக்கப்பட்ட பொன்சேகா, 2006 ஏப்ரலில் கொழும்பு இராணுவத் தலைமையகத்தில் இடம்பெற்ற தற்கொலைத் தாக்குதலில் படுகாயமடைந்து உயிர் தப்பியவர். இறுதி யுத்தத்தை வழிநடத்தியவர். இந்நாடு சிங்களவர்களுக்கே உரியது என்றும், சிறுபான்மையினர் இங்கு வாழலாம், ஆனால் தகாதவற்றைக் கோரக்கூடாது என்றும் பொருள்படும் வகையில் 2008 இல் கனேடியப் பத்திரிகையொன்றிற்குப் பேட்டியளித்தவரும் இவரே. யுத்தம் முடிந்த இரண்டாவது மாதமே தளபதிப் பதவியிலிருந்து அகற்றப்பட்டு, அதிகாரம் குறைந்த கூட்டுப்படைகளின் பிரதானி பதவியில் அமர்த்தப்பட்டார். 2009 நவம்பரில் பதவி விலகி, எதிர்க்கட்சிகளின் பொது வேட்பாளராக அன்னம் சின்னத்தில் களமிறங்கினார். ஐக்கிய தேசியக் கட்சியும் ஜே.வி.பி.யும் மட்டுமன்றி, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் அவரை ஆதரிக்கத் தீர்மானித்தது.

2010 ஜனவரி 26 ஆம் திகதி நடைபெற்ற தேர்தலில் மகிந்த ராஜபக்ஷ 57.88 வீத வாக்குகளையும் பொன்சேகா 40.15 வீத வாக்குகளையும் பெற்றனர். வன்னியில் யுத்தத்தை நடத்திய தளபதி, யாழ்ப்பாணம், வன்னி, திருகோணமலை, மட்டக்களப்பு, திகாமடுல்ல மாவட்டங்களிலும் மலையகத்தில் நுவரெலியாவிலும் மாத்திரமே முன்னிலை பெற்றார். யாழ்ப்பாணத்தில் வாக்களித்தவர்கள் பதிவானவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினரே என்பதையும் மறந்துவிடக்கூடாது. வாக்களித்தவர்களும் பொன்சேகா மீது கொண்ட பற்றினால் வாக்களிக்கவில்லை. இரு தீமைகளில் எது அதிகாரத்தில் இல்லாததோ அதைத் தெரிவு செய்தார்கள் எனலாம்.

தேர்தல் முடிந்து இரண்டு வாரங்கள் கூட ஆகாத நிலையில், பெப்ரவரி 8 ஆம் திகதி இரவு, கொழும்பிலுள்ள தனது அலுவலகத்தில் ரவூப் ஹக்கீம், மனோ கணேசன், சோமவன்ச அமரசிங்க ஆகியோருடன் கலந்துரையாடிக் கொண்டிருந்த பொன்சேகாவை இராணுவப் பொலிஸார் இழுத்துச் சென்றனர். யுத்தக் குற்றங்கள் தொடர்பில் தமக்குத் தெரிந்தவற்றை வெளியிடத் தயார் என்று அவர் ஊடகங்களிடம் கூறியது அதற்குச் சில மணித்தியாலங்களுக்கு முன்னர்தான் என்பது குறிப்பிடத்தக்கது. கைதுக்கு அதுவே காரணம் என்று நிரூபிக்க எவராலும் இயலாது. ஆனால் அக்கூற்றும் அக்கைதும் ஒரே நாளில் நிகழ்ந்தன என்பதை வரலாற்றிலிருந்து அழிக்கவும் இயலாது.

அதன் பின்னர் நடந்தவை வேகமானவை. ஓய்வுபெற்று ஆறு மாதங்களுக்குள் விசாரணை ஆரம்பிக்கப்படின் இராணுவச் சட்டம் ஓய்வுபெற்றவரையும் கட்டுப்படுத்தும் என்பது அரசாங்கத் தரப்பின் வாதமாக இருந்தது. மார்ச் மாதத்தில் இரண்டு இராணுவ நீதிமன்றங்கள் அமைக்கப்பட்டன. சேவையில் இருந்தபோதே அரசியலில் ஈடுபட்டார் என்ற முதலாவது வழக்கில் ஆகஸ்ட் மாதம் தீர்ப்பளிக்கப்பட்டு, அவரது பதவிநிலையும் பதக்கங்களும் ஓய்வூதியமும் பறிக்கப்பட்டன. மருமகனுடன் தொடர்புபட்ட நிறுவனமொன்றின் ஊடான இராணுவக் கொள்வனவில் கேள்விப்பத்திர நடைமுறைகளை மீறினார் என்ற இரண்டாவது வழக்கில் செப்டெம்பர் மாதம் 30 மாத சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இரு தீர்ப்புகளையும் உறுதிப்படுத்தியவர் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷ. அதாவது, தேர்தலில் எதிர்த்துப் போட்டியிட்டவரின் தண்டனைப் பத்திரத்தில் தேர்தலில் வென்றவரே கையொப்பமிட்டார். சட்டத்தில் அதற்கு இடமுண்டு. இராணுவத் தளபதியாக இருந்தவரை விசாரித்தவர்கள் அவருக்குக் கீழ் பணிபுரிந்த மேஜர் ஜெனரல்கள் என்பதற்கும் சட்டத்தில் இடமுண்டு.

இடைப்பட்ட காலத்தில், கடற்படைத் தலைமையகத்தில் தடுத்து வைக்கப்பட்டிருந்தவாறே, 2010 ஏப்ரல் பொதுத் தேர்தலில் கொழும்பு மாவட்டத்தில் பொன்சேகா பாராளுமன்றத்திற்குத் தெரிவாகியிருந்தார். ஒக்டோபர் மாதத்தில் அந்த ஆசனமும் பறிபோனது. அரசியலமைப்பின் 89 ஆவது உறுப்புரையில், சிறைத்தண்டனை பெற்றவரின் வாக்காளர் தகுதி பற்றிக் குறிப்பிடும் இடத்தில் உள்ள 'நீதிமன்றம்' என்ற சொல் இராணுவ நீதிமன்றத்தையும் உள்ளடக்குமா என்பது பெரும் சட்டப் பிரச்சினையாகி உயர் நீதிமன்றம் வரை சென்றது. உள்ளடக்கும் என்று 2011 ஜனவரியில் அந்நீதிமன்றம் முடிவு செய்தது. இதன் விளைவு என்னவென்றால், ஜனாதிபதியின் நியமனத்தில் பதவி வகிக்கும் அதிகாரிகள் மூவர் கூடி வழங்கும் தீர்ப்பு, மக்கள் தெரிவு செய்த உறுப்பினர் ஒருவரைப் பாராளுமன்றத்திலிருந்து வெளியேற்றப் போதுமானதாயிற்று. பொன்சேகாவை விரும்பாதவர்களும் கவலை கொள்ள வேண்டிய முன்னுதாரணம் இது. அன்று அதைப்பற்றிப் பேசியவர்கள் சிலரே.

இவையெல்லாம் பழிவாங்கல் என்ற தலைப்பின் கீழ் அடங்கக்கூடியவை. இந்நாட்டிற்கு அவை புதியவையுமல்ல. 1980 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியுரிமைகள் ஏழு வருடங்களுக்குப் பறிக்கப்பட்டன. விசேட ஜனாதிபதி ஆணைக்குழுவின் அறிக்கையின் பேரில், ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கத்தின் ஆறில் ஐந்து பெரும்பான்மையே அதைச் செய்தது. 1982 ஜனாதிபதித் தேர்தலில் அவரால் போட்டியிட முடியவில்லை. 1986 ஜனவரியில் மன்னிப்பளித்து அவ்வுரிமைகளைத் திருப்பிக் கொடுத்தவரும் அதே ஜே.ஆர். தான். அந்த அமைச்சரவையில் இளம் அமைச்சராக அமர்ந்திருந்தவர் ரணில் விக்கிரமசிங்க என்பது காலத்தின் வேடிக்கைகளில் ஒன்று. பறிப்பதும் கொடுப்பதும் ஒரே கையாக இருக்கும் வழக்கம் அன்று தொடங்கியது. பொன்சேகாவின் விடயத்தில் அது முழு வளர்ச்சி கண்டது.

ஆனால் மூன்றாவது வழக்கு வேறு வகையானது.

2009 டிசம்பர் 13 ஆம் திகதி 'சண்டே லீடர்' பத்திரிகையில் பொன்சேகாவின் பேட்டியொன்று வெளியானது. அதே வருட ஜனவரியில் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டிருந்த பத்திரிகை அது. யுத்தத்தின் இறுதி நாட்களில் சரணடைய முன்வந்த புலிகளின் தலைவர்களை ஏற்றுக்கொள்ள வேண்டாம் என்று அன்றைய பாதுகாப்புச் செயலாளர் கோத்தபாய ராஜபக்ஷ, களத்தில் நின்ற 58 ஆவது படையணியின் தளபதிக்கு உத்தரவிட்டதாகத் தாம் பின்னர் அறிந்து கொண்டதாக பொன்சேகா கூறினார் என அப்பேட்டி தெரிவித்தது. தெற்கில் பெரும் கொந்தளிப்பு எழுந்தது. இராணுவத்தைக் காட்டிக் கொடுத்த துரோகி என்று அரசாங்கத் தரப்பு முழங்கியது. தேர்தல் மேடையில் நின்ற பொன்சேகா, தமது கருத்து திரிபுபடுத்தப்பட்டு விட்டதாகக் கூறிப் பின்வாங்கினார். சிங்கள வாக்குகளும் வேண்டும், தமிழ் வாக்குகளும் வேண்டும் என்ற நிலையில் நின்ற வேட்பாளரிடம் வேறு எதையும் எதிர்பார்த்திருக்க முடியாது.

கோத்தபாய ராஜபக்ஷவும் படைத் தரப்பினரும் அக்குற்றச்சாட்டைத் தொடர்ச்சியாக மறுத்து வந்துள்ளனர். அம்மறுப்பு உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். எதுவென்று கண்டறிவதற்கு நாகரிக நாடொன்றில் உள்ள வழி விசாரணை. இலங்கை அரசும் விசாரணை நடத்தவே செய்தது. ஆனால் விசாரிக்கப்பட்டது சம்பவம் அன்று, பேட்டி.

கொழும்பு மேல் நீதிமன்றத்தில் நீதிபதிகள் மூவர் அடங்கிய 'ட்ரயல் அட் பார்' முன்னிலையில் வழக்கு நடந்தது. பேட்டி கண்ட ஆசிரியை பிரெட்ரிக்கா ஜான்ஸ் முதன்மைச் சாட்சி. அவரது குறிப்பேட்டில் எழுதப்பட்டிருந்தது என்ன, பொன்சேகாவின் வாயிலிருந்து வந்த சொற்கள் எவை, எவை பத்திரிகையின் சொற்கள் என்பன குறுக்கு விசாரணைகளில் அலசப்பட்டன. கோத்தபாய ராஜபக்ஷவும் சாட்சியமளித்தார். 2011 நவம்பர் 18 ஆம் திகதி இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் பொன்சேகா குற்றவாளியாகக் காணப்பட்டு மூன்று வருட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நீதிபதி வராவெவ மாறுபட்ட தீர்ப்பளித்து அவரை விடுவிக்க வேண்டும் என்றார்.

வழக்கின் பெயர் 'வெள்ளைக்கொடி வழக்கு'. அப்பெயரைக் கேட்கும் வெளிநாட்டவர் ஒருவர், வெள்ளைக்கொடியுடன் சென்றவர்களுக்கு நேர்ந்த கதியை விசாரித்த வழக்கு என்றே நினைப்பார். 2009 மே 18 ஆம் திகதி அதிகாலையில் முள்ளிவாய்க்காலில் என்ன நடந்தது, பா.நடேசன், சீ.புலித்தேவன் ஆகியோர் எவ்வாறு இறந்தனர், அவர்கள் சரணடையப் போவதாகக் கொழும்புக்கு முன்கூட்டியே கிடைத்த தகவல்கள் யாருடைய கைக்குப் போயின என்பவை அந்நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டிய வினாக்களாக இருக்கவில்லை. குற்றப்பத்திரிகை அவ்வாறு வரையப்பட்டிருக்கவில்லை. இறந்தவர்களின் உறவினர்கள் அவ்வழக்கில் ஒரு தரப்பினரும் அல்லர். அரசு ஒரு பக்கம், அரசின் முன்னாள் தளபதி மறுபக்கம். யார் சொன்னார், எதற்காகச் சொன்னார் என்பதே வாதம். சொல்லப்பட்டது நடந்ததா என்பதை அறிய அங்கிருந்த எவருக்கும் அவசரம் இருக்கவில்லை. அதை அறிவதில் அக்கறை கொண்டவர்கள் அம்மன்றுக்கு வெளியே இருந்தார்கள்.

நான்கு வருடங்களின் பின்னர், 2015 செப்டெம்பரில் வெளியான ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் ஆணையாளர் அலுவலகத்தின் விசாரணை அறிக்கை இவ்விடயத்தை ஆராய்ந்தது. நடேசன், அவரது மனைவி, புலித்தேவன் ஆகியோர் சரணடைந்த பின்னர் பாதுகாப்புப் படையினரால் கொல்லப்பட்டிருக்கலாம் என நம்புவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு என்றும், மேலதிக விசாரணை தேவை என்றும் அவ்வறிக்கை கூறியது. இலங்கையின் எந்த நீதிமன்றமும் அம்மேலதிக விசாரணையை நடத்தவில்லை. 58 ஆவது படையணியின் தளபதியாக இருந்த சவேந்திர சில்வா 2019 இல் இராணுவத் தளபதியாக நியமிக்கப்பட்டார். 2020 பெப்ரவரியில் அமெரிக்கா அவருக்குப் பயணத்தடை விதித்தது. 2025 மார்ச்சில் பிரித்தானியா, வசந்த கரன்னாகொட, ஜகத் ஜயசூரிய, கருணா அம்மான் ஆகியோருடன் சேர்த்து அவர் மீதும் தடைகளை விதித்தது. இத்தடைகளுக்குக் கொழும்பிலிருந்து எழுந்த குரல்கள், உள்நாட்டுப் பொறிமுறையே போதும் என்றன. அந்த உள்நாட்டுப் பொறிமுறை சரணடைவு விவகாரத்தில் தண்டித்த ஒரேயொருவர், அதைப்பற்றிப் பேசியவர்.

இப்போது தமிழர் தரப்பிலிருந்து தொடுக்கப்பட்ட வழக்கொன்றைப் பார்ப்போம். புலிகளின் திருகோணமலை மாவட்ட அரசியல் பொறுப்பாளராக இருந்த எழிலன், 2009 மே 18 ஆம் திகதி முல்லைத்தீவில் பகிரங்கமாக இராணுவத்திடம் சரணடைந்தார் என்றும், அதன் பின்னர் அவரைக் காணவில்லை என்றும் அவரது மனைவி அனந்தி சசிதரன் 2013 இல் வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்தார். வேறு குடும்பங்களும் அவ்வாறே செய்தன. முல்லைத்தீவு நீதிவான் நீதிமன்றத்தில் சாட்சியங்கள் பதியப்பட்டன. தவணைகள் மேல் தவணைகள். நீதிபதிகள் மாறினர், அரசாங்கங்கள் மாறின. 2022 டிசம்பரில்தான், எழிலனுக்கு இராணுவமே பொறுப்புக் கூற வேண்டும் என்ற முடிவுக்கு வந்த வவுனியா மேல் நீதிமன்றம், அவரை மன்றில் முற்படுத்துமாறு பணித்தது.

இரு கால அளவுகளையும் அருகருகே வைத்தால் விளக்கம் தேவைப்படாது. பொன்சேகாவின் இரண்டு இராணுவ நீதிமன்ற வழக்குகளும் ஆறு மாதங்களில் முடிந்தன. வெள்ளைக்கொடி வழக்கு, பேட்டி வெளியாகி இரண்டு வருடங்கள் நிறைவதற்கு முன் முடிந்தது. ஆட்கொணர்வு மனு, ஆள் எங்கே என்ற ஒற்றைக் கேள்வியை மட்டும் கேட்கும் மனு, ஒன்பது வருடங்களை எடுத்தது. நீதித்துறையில் ஆளணி இல்லை, வளம் இல்லை என்ற வழக்கமான சமாதானம் இங்கு எடுபடாது. அரசுக்கு விருப்பம் இருக்கும் வழக்குகள் ஓடுகின்றன.

இதில் சட்டமா அதிபர் திணைக்களத்தின் நிலை தனியாகக் கவனிக்கத்தக்கது. அரசாங்கத்திற்குச் சட்ட ஆலோசனை வழங்குவதும் அத்திணைக்களமே, குற்றவாளிகளுக்கு எதிராக வழக்குத் தொடுப்பதும் அத்திணைக்களமே. பொன்சேகாவுக்கு எதிரான வழக்கை மேல் நீதிமன்றத்தில் நடத்தியது அது. வன்னியில் காணாமற்போனோரின் ஆட்கொணர்வு மனுக்களில் இராணுவத்திற்காக ஆஜரானதும் அதுதான். நாளை ஒரு இராணுவ அதிகாரிக்கு எதிராகக் குற்றப்பத்திரிகை வரைய வேண்டுமாயின், அதையும் அதுவே வரைய வேண்டும். மனுதாரரின் எதிர்த்தரப்புச் சட்டத்தரணியிடமே மனுதாரர் நீதி கேட்டுச் செல்லும் இந்த ஏற்பாட்டை மாற்றி, சுயாதீனமான வழக்குத் தொடுநர் அலுவலகம் ஒன்றை உருவாக்க வேண்டும் என்ற கோரிக்கை நீண்ட காலமாகவே உள்ளது. தெற்கில் ஊழல் வழக்குகளை முன்வைத்தே அது பேசப்படுகிறது. வடக்கு கிழக்கிற்கு அது அதைவிட அவசரமானது.

பொன்சேகாவின் கதை பின்னர் எடுத்த திருப்பங்கள் தெரிந்தவையே. 2012 மே 21 ஆம் திகதி மகிந்த ராஜபக்ஷ எஞ்சிய தண்டனையை இரத்துச் செய்து அவரை விடுவித்தார். ஆனால் தேர்தலில் போட்டியிடும் உரிமை திரும்பவில்லை. 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும் மைத்திரிபால சிறிசேன முழு மன்னிப்பு வழங்கிப் பதவிநிலையையும் பதக்கங்களையும் மீளளித்தார். இரண்டு மாதங்களில் அவர் பீல்ட் மார்ஷல். அடுத்த வருடம் ஐக்கிய தேசியக் கட்சியின் தேசியப் பட்டியல் ஊடாகப் பாராளுமன்ற உறுப்பினராகி அமைச்சருமானார். 2024 ஜனாதிபதித் தேர்தலில் சுயேச்சையாகப் போட்டியிட்டு ஒரு வீத வாக்கைக்கூட எட்டவில்லை.

ஜனாதிபதி ஒருவர் தண்டித்தார், இன்னொருவர் மன்னித்தார் என்பதோடு தென்னிலங்கைக்கு இக்கதை முடிந்து விடுகிறது. மன்னிப்பு என்பது ஒரு வசதியான கருவி. தண்டனை சரியானதா, பிழையானதா என்ற ஆராய்வு இல்லாமலேயே அதை வழங்கிவிடலாம். அதே 34 ஆவது உறுப்புரையின் கீழ்தான், மிருசுவிலில் சிறுவர்கள் உட்பட எட்டுப் பொதுமக்களைக் கொன்றமைக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டு, உயர் நீதிமன்றமும் உறுதி செய்த இராணுவ வீரர் சுனில் ரத்நாயக்க 2020 மார்ச்சில் கோத்தபாய ராஜபக்ஷவால் விடுவிக்கப்பட்டார். வடக்கில் படையினருக்கு எதிராக இறுதிவரை சென்று தீர்ப்புப் பெற்ற மிகச் சில வழக்குகளில் அது ஒன்று. அதற்குப் பதினைந்து வருடங்கள் பிடித்தன. விடுவிக்க ஒரு கையொப்பம் போதுமாயிருந்தது.

அமைச்சராக இருந்த காலத்தில், 2017 செப்டெம்பர் தொடக்கத்தில், பொன்சேகா மீண்டும் வாய் திறந்தார். யுத்தத்தின் இறுதிக் கட்டத்தில் வன்னிக் கட்டளைத் தளபதியாக இருந்து, பின்னர் தமக்குப் பதிலாக இராணுவத் தளபதியான ஜகத் ஜயசூரிய, தடுத்து வைக்கப்பட்டிருந்தோருக்கு எதிராகக் குற்றங்கள் புரிந்தார் என்ற தகவல்கள் தமக்கு உண்டு என்றும், உரிய முறையில் விசாரணை நடந்தால் சாட்சியமளிக்கத் தயார் என்றும் ஊடகவியலாளரிடம் கூறினார். ஜயசூரிய அதனை மறுத்தார். தனிப்பட்ட பகை என்று சிலர் கூறினர். இருக்கலாம். பகைவனின் சாட்சியத்தையும் எடைபோடத்தான் குறுக்கு விசாரணை இருக்கிறது. யுத்தத்தை நடத்திய தளபதி, அமைச்சரவையில் அமர்ந்திருந்தவாறே பகிரங்கமாகச் சொன்ன கூற்று அது. அமைச்சரவையின் தலைவராக அப்போது இருந்தவர் மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்க. படைவீரர் எவரையும் மின்சாரக் கதிரையின் பக்கம் செல்ல விடமாட்டோம் என்பதே அக்கூற்றுக்கு அரசாங்கத் தரப்பிலிருந்து வந்த விடையின் சாரம்.

பொன்சேகா 1950 டிசம்பரில் பிறந்தவர். நடேசனும் புலித்தேவனும் சரணடையச் சென்ற நாளில் இராணுவத்தின் உச்சியில் இருந்தவர்களில் இன்றும் பேசக்கூடியவராகவும், பேசிப் பழகியவராகவும் இருப்பவர் அவர். அவரிடம் வாக்குமூலம் பெறுவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை, ஜெனீவாத் தீர்மானமும் தேவையில்லை. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையும், கொழும்பில் ஒரு பொலிஸ் வாகனமும் போதும். 2010 பெப்ரவரி 8 ஆம் திகதி இரவு இரண்டுமே கிடைக்காமல் போகவில்லை.